முதல் ரைஃபிள் கிட்டுக்கு என்னென்ன மரவேலைக் கருவிகள் வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழலின் வாய்வழியே மருந்தும் குண்டும் கெட்டிக்கும் பழைய பாணி ரைஃபிளைக் கிட்டாக, அதாவது பாதி முடித்த பாகங்களின் தொகுப்பாக, வாங்கி, வீட்டுப் பட்டறையில் தன் கையாலேயே முடிக்கும் பழக்கம் அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாக இருந்துவருகிறது. கிட்டுக்கு ஆர்டர் கொடுத்த அன்றே பலரும் கருவிப் பட்டியல் தேடத் தொடங்குகிறார்கள். பட்டியலோ முடிவில்லாமல் நீளும். இங்கே நான் சொல்லியிருப்பது என் கைக்குப் பழகியவற்றைப் பற்றி. குறைவாக வாங்குங்கள், வாங்கியதை முடி மழிக்கும் கூர்மையில் வையுங்கள் என்பதுதான் என் கட்சி. கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்தப் பக்கமே சாயும்.

கிட் என்றால் எல்லாம் தயாராக வந்துவிடுமே, மரவேலை எங்கே மிச்சம் இருக்கிறது?

எந்தக் கிட் என்பதைப் பொறுத்தது. தொழிற்சாலைக் கிட்டில் குழலும் லாக்கும் கட்டையில் ஏறக்குறைய உட்கார்ந்தே வரும். பித்தளைப் பாகங்களைச் சுற்றி மரம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மேலே நிற்கும். அதை உலோகத்தின் மட்டத்துக்கு இறக்கி, வழவழப்பாக்கி, எண்ணெய் பூச வேண்டும், அவ்வளவுதான். கணினி இயந்திரத்தில் வெட்டி வரும் இன்றைய உயர்ந்த ரகக் கிட்டுகளில் இன்னும் குறைவு. உளியைத் தொடாமலே சிலர் முடித்துவிடுகிறார்கள்.

மூன்றாவது வகை வேறு. கட்டையின் உருவம் இயந்திரத்தில் சீவப்பட்டு, குழல் அமரும் பள்ளமும் திணிகோலுக்கான (மருந்தையும் குண்டையும் குழலுக்குள் தள்ளும் கோல்) துளையும் போடப்பட்டு, மற்ற பாகங்கள் தனிப் பொட்டலமாக வரும். லாக்குக்கான குழி பாதி வெட்டியிருக்கும். விசை, விசைக்காப்பு, அடித்தகடு, திணிகோலைத் தாங்கும் குழாய் வளையங்கள் எல்லாவற்றையும் நீங்களே பதிக்க வேண்டும். உளியைப் பற்றிக் கீழே சொல்வதெல்லாம் முக்கியமாக இந்த வகைக்காரர்களுக்கு.

வெறும் பலகையிலிருந்து தொடங்குவதை முதல் ரைஃபிளுக்கு யாருக்கும் நான் சொல்ல மாட்டேன்.

சொற்களில் குழப்பம் வராமல் இருக்க: கட்டை என்பது முழு மரப்பகுதி. முன்கட்டை குழலுக்கு அடியில் நீளும் பகுதி. கழுத்து என்பது கை பற்றும் மெலிந்த இடம். அடித்தகடு தோளில் அமரும் பித்தளை அல்லது இரும்புத் தகடு. லாக் என்பது பொறி தட்டும் பக்கவாட்டு இயந்திரம்.

குறைந்தபட்சம் என்னதான் வாங்க வேண்டும்?

மூன்றாவது வகைக் கிட்டை மனதில் வைத்துச் சொல்கிறேன். தட்டை உளி மூன்று: 1/8, 1/4, 1/2 அங்குலம். ஆழம் குறைந்த நகவுளி (நகம்போல் வளைந்த முனை கொண்ட உளி) ஒன்று, சற்று ஆழமானது ஒன்று. அரைவட்ட மர அரம் ஒன்று, அரைவட்ட உலோக அரம் ஒன்று, உருண்டை அரம் ஒன்று. சுரண்டுதகடு இரண்டு. தீட்டுக்கற்கள். வாயில் தோல் ஒட்டிய வைஸ். நல்ல துரப்பண அலகுகள். அளப்பதற்கு ஒரு காலிப்பர். கறுப்பு மை. உப்புத்தாள். இவை போக ஒரு மேசை விளக்கு வேண்டும். இதை வேண்டுமென்றே சேர்த்திருக்கிறேன். கூரையிலிருந்து விழும் வெளிச்சத்தில் மரத்தின் மேடுபள்ளம் தெரியாது. பக்கவாட்டிலிருந்து தாழ்வாக ஒளி விழுந்தால் ஒவ்வொரு அரக்கீறலும் நிழல் போட்டுத் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

தொழிற்சாலைக் கிட்டென்றால் இதில் பாதி போதும். 1/2 அங்குல உளி, அரங்கள், சுரண்டுதகடு, உப்புத்தாள்.

பன்னிரண்டு உளிகள் கொண்ட பெட்டி மலிவாகக் கிடைக்கிறதே, வாங்கலாமா?

வேண்டாம். அந்தப் பன்னிரண்டில் நான்கைத்தான் தொடுவீர்கள். மீதி எட்டும் துருப்பிடிக்கும். அதைவிட முக்கியம், அந்த விலையில் வரும் எஃகு முனையைத் தாங்காது. மேப்பிளில் பத்து வெட்டு வெட்டுவதற்குள் மழுங்கிவிடும். புதியவரோ தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டு அழுத்தத்தைக் கூட்டுவார். உளி வழுக்கி, லாக் முகப்பை, அதாவது லாக்கைச் சுற்றிய மரப்பரப்பை, கிழித்துவிடும். மூன்று நல்ல உளிகளைத் தனித்தனியே வாங்குவதே லாபம்.

வாங்கும்போது பக்கவாட்டு விளிம்புகள் சரிவாகச் சீவப்பட்டவையாகப் பாருங்கள். விளிம்பு தடித்த உளி குழியின் மூலைக்குள் நுழையாது. எளிய கரிம எஃகு முதல் உளிக்கு நல்லது, கல்லில் சீக்கிரம் கூராகும். உலோகக் கலவை கூடிய ஏ2 போன்ற எஃகுகள் முனையை நெடுநேரம் வைத்திருக்கும். ஆனால் தீட்டப் பொறுமை வேண்டும். மிகக் குறைந்த கோணத்தில் தீட்டினால் முனை சில்லுசில்லாகப் பெயர்வதும் உண்டு.

கொட்டாப்புளி தேவையா என்றும் கேட்பார்கள். லேசானது ஒன்று இருக்கட்டும். குழியின் எல்லையைக் கோட்டில் நிறுத்தி இறக்கும்போது இரண்டு தட்டுத் தட்ட உதவும். மற்றபடி இந்த வேலையில் உளி தட்டுவதற்கல்ல, தள்ளுவதற்கு. வலக்கை தள்ள, இடக்கை விரல்கள் தகட்டின் மேல் அமர்ந்து தடுக்க வேண்டும். இடக்கை எப்போதும் முனைக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும்.

கூர்மை, கூர்மை என்று எல்லாரும் சொல்கிறார்கள். எவ்வளவு கூர்மை?

பைன் போன்ற மென்மரத்தின் வெட்டுமுகத்தில், அதாவது நார் முடியும் பக்கத்தில், உளியைக் கையால் தள்ளுங்கள். பளபளப்பான, கிழியாத ஒரு சுருள் வந்தால் கூர் போதும். நார் நசுங்கி, முகம் வெளிறிப் பஞ்சுபோல் தெரிந்தால் போதாது. முன்கையில் முடி மழித்துப் பார்ப்பதைவிட இந்தச் சோதனை நம்பகமானது. மென்மரம் மழுங்கிய முனைக்குத்தான் முதலில் நசுங்கும்.

வழி இது. புதிய உளியின் பின்முகத்தை முதலில் சமப்படுத்துங்கள். முழு நீளமும் வேண்டாம். முனையை ஒட்டிய ஓர் அங்குலம் கண்ணாடிபோல் ஆகட்டும். கடையில் வாங்கும் உளியில் இந்தப் பரப்பு அநேகமாகச் சமமாக இருப்பதில்லை. இதைத் தாண்டிப் போகிறவர்கள் மாதக்கணக்கில் சரிவுப் பக்கத்தையே தீட்டிக்கொண்டு, ஏன் கூராகவில்லை என்று குழம்புவார்கள். இரண்டு பரப்புகள் சந்திக்கும் கோடுதான் முனை. ஒன்று கரடாக இருந்தால் மற்றொன்று எவ்வளவு மின்னினாலும் பயனில்லை.

பிறகு சரிவுப் பக்கம். 25 பாகையில் அடிப்படைச் சரிவு, முனையில் மட்டும் 30 பாகையில் ஒரு சிறு சரிவு. 1000 எண் கல்லில் தேய்த்துப் பின்புறத்தில் பிசிறு எழும்புகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். முனை நெடுக எழுந்த பிறகே நுண்கல்லுக்கு, 4000 அல்லது 8000க்கு, மாறுங்கள். கடைசியில் பலகையில் ஒட்டிய தோலில் மெருகுப் பசை தடவி, முனை பின்னோக்கிப் போகுமாறு பத்து இழுப்பு. கோணத்தைக் கையால் பிடிக்க வரவில்லையா, சக்கரம் வைத்த பிடிப்பான் ஒன்று வாங்குங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நகவுளியைத் தீட்டுவது சிரமம் என்று பலரும் அதைத் தள்ளிப்போடுகிறார்கள். வெளிச்சரிவைக் கல்லின் மேல் உருட்டியபடியே தேய்க்க வேண்டும். உட்புறப் பிசிறை, மரக்குச்சியில் சுற்றிய நுண் உப்புத்தாளால் எடுத்தால் போதும்.

கிட்டைத் தொடுவதற்கு முன் ஒரு வார இறுதியை இதற்கென்றே ஒதுக்குங்கள். அப்புறம் வேலை நடக்கும்போது கால்மணிக்கு ஒருமுறை தோலில் நான்கு இழுப்பு. கல்லுக்கே திரும்பப் போகும் அவசியம் குறையும்.

மர அரமும் உலோக அரமும் ஒன்றில்லையா?

இல்லை. மர அரத்தில், ராஸ்ப் என்று சொல்வார்களே அதில், பற்கள் தனித்தனியாக எழும்பி நிற்கும். ஒவ்வொரு பல்லும் மரத்தில் ஒரு துளியைக் கிள்ளி எடுக்கும். உலோக அரத்தில் வரிசையான கோடுகள். அது மரத்தில் மெதுவாகப் போகும், ஆனால் பரப்பைச் சமமாக விட்டுப்போகும். முதலாவதால் உருவம் கொடுத்து, இரண்டாவதால் அந்தத் தழும்புகளை அழிப்பதுதான் முறை.

ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் தச்சு வேலைக்கான முரட்டு அரத்தை இந்த மரத்தின் மேல் வைக்காதீர்கள். அதன் தழும்பு ஆழமாக இறங்கும், அதை அழிக்கும்போது உருவமே போய்விடும். அமெரிக்காவில் துப்பாக்கிக் கட்டை செய்பவர்கள் தலைமுறையாகக் கைப்பழக்கமாக வைத்திருப்பது நிக்கல்சன் 49, 50 என்ற இரண்டு அரங்களை. 49 சற்று முரடு, 50 நுண்மை. இவற்றின் பற்கள் ஒழுங்கற்ற வரிசையில் இருக்கும். அதனால் ஒரே தடத்தில் திரும்பத் திரும்ப உழாது. கிட்டுக்கு ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 50. கையாலேயே பல் கொத்தப்பட்ட பிரெஞ்சு அரங்கள் இன்னும் மேலானவை, விலையும் அப்படியே. முதல் ரைஃபிளுக்கு அவசியமில்லை.

அரத்தை முன்னோக்கித் தள்ளும்போது மட்டும் அழுத்துங்கள். திரும்பும்போது தூக்கிவிடுங்கள். நேராகத் தள்ளாமல் கட்டையின் நீளத்துக்குச் சற்றுச் சாய்வாகத் தள்ளினால் அலை அலையான பள்ளம் விழாது. மரத்துக்கென்று வைத்திருக்கும் அரத்தால் இரும்பைத் தொடாதீர்கள்.

உருண்டை அரம் திணிகோல் ஓடும் வாய்க்காலுக்கு. அதே வேலையைத் திணிகோலைவிடச் சற்றுத் தடித்த மரக்கழியில் உப்புத்தாள் சுற்றியும் செய்யலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

உப்புத்தாள் இருக்கும்போது சுரண்டுதகடு எதற்கு?

என் பட்டறையிலிருந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஒன்றை மட்டும் விட்டுப்போகலாம் என்றால் இந்தத் தகட்டைத்தான் கேட்பேன். கையகலச் செவ்வக எஃகுத் துண்டு, அவ்வளவே. பழைய கைரம்பத்திலிருந்து வெட்டிக்கூடச் செய்துகொள்ளலாம்.

நெடுந்துப்பாக்கிகளுக்கு விரும்பப்படும் மரம் அலைநார் மேப்பிள். புலிவரி போன்ற அந்த வரிகள் அழகுக்காக யாரும் வரைந்தவை அல்ல. நாரே அலைபோல் மேலும் கீழும் ஓடுவதால் வருபவை. ஆகவே எந்தத் திசையில் இழைப்புளியைத் தள்ளினாலும், ஒரு வரியில் நாரோடு போகும், அடுத்த வரியில் நாருக்கு எதிராகப் போகும். எதிரில் வந்த நார் துண்டு துண்டாகப் பெயர்ந்து குழி விழும். சுரண்டுதகடு வெட்டும் சீவல் தூசியைவிடச் சற்றுத்தான் தடிமன். முனை ஏறக்குறைய நேர்நிமிர்ந்து நிற்பதால் நாரைத் தூக்கிப் பெயர்ப்பதில்லை. அலைநார் அதற்குப் பணிந்துபோகும்.

உப்புத்தாளின் குறை வேறு. விரலை வைத்துத் தேய்த்தால் தாள் மென்மையான இடத்தைத் தின்று கடினமான இடத்தை விட்டுவிடும். லாக் முகப்பின் கூர்விளிம்புகள் உருண்டுபோகும். பித்தளையை ஒட்டிய இடத்தில் மரம் உலோகத்தைவிடத் தாழ்ந்துவிடும். தொலைவிலிருந்து பார்த்தாலே சோப்புக்கட்டி கரைந்ததுபோல் தெரியும். தாளைப் பயன்படுத்துகிறீர்களா, பின்னால் கட்டையோ கெட்டித் தோலோ வைத்துத்தான் தேய்க்க வேண்டும்.

தகட்டைத் தயார்செய்வது: விளிம்பை அரத்தால் சதுரமாக அராவுங்கள். கல்லில் விளிம்பையும் இரு முகங்களையும் தேய்த்து அரக்கோடுகளைப் போக்குங்கள். பிறகு தகட்டைவிடக் கடினமான வழவழப்பான எஃகுக் கோலால் முகத்தைப் படுக்கையாகச் சில முறை அழுத்தி இழுத்து, அடுத்து விளிம்பின் மேல் லேசான சாய்வில் இரண்டு மூன்று இழுப்பு. கண்ணுக்குத் தெரியாத ஒரு கொக்கி விளிம்பில் மடியும். அந்தக் கொக்கிதான் வெட்டுகிறது. சீவல் வராமல் தூசி மட்டும் வந்தால் கொக்கி போய்விட்டது என்று பொருள். மறுபடி மடியுங்கள். கழுத்தைச் சுற்றிய வளைவுகளுக்கு ஒரு தகட்டின் மூலையை வட்டமாக அரைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

லாக்கைப் பதிக்கும்போது எங்கே மரம் தடுக்கிறது என்று எப்படித் தெரியும்?

இதற்குத்தான் கறுப்பு மை. விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்ததுபோன்ற மை சிறு புட்டியில் விற்கிறார்கள். பல்துலக்கும் பிரஷால் பாகத்தின் மேல் மிக மெல்லிதாகத் தடவி, குழியில் வைத்து, ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டி எடுங்கள். மரத்தில் கறுத்த இடம்தான் தடுக்கும் இடம். அந்தக் கறுப்பை மட்டும் சுரண்டுங்கள், பக்கத்திலிருக்கும் வெள்ளையைத் தொடாதீர்கள். மறுபடி மை, மறுபடி தட்டு. ஒரு லாக்குக்கு ஐம்பது தடவை ஆனாலும் சரி. மை அதிகமானால் எல்லா இடமும் கறுத்துவிடும், பிறகு அது பொய் சொல்லத் தொடங்கும்.

குழியின் ஓரங்களைத் துளி உள்நோக்கிச் சாய்த்து வெட்டுவது பழைய வழக்கம். பாகத்தின் விளிம்பும் அதே அளவு சாய்வாக அராவப்பட்டிருந்தால், உள்ளே போகப்போகக் குழி இறுகும். கடைசித் தட்டில் இடைவெளி இல்லாமல் மூடிக்கொள்ளும்.

இதில் நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். என் முதல் கிட் வால்நட்டில் செய்த அரைக்கட்டை ரைஃபிள், அதாவது முன்கட்டை குழலின் பாதி வரை மட்டுமே நீளும் வகை. லாக்கின் உள்விசைகளுக்கு இடம் செய்ய, சிறு சுழல் அரைப்பான் ஒன்றை எடுத்தேன். நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்று. அலகு ஒரு நார்முடிச்சில் இடறி ஓரத்தைத் தாண்டி ஓடியது. தகட்டுக்கு வெளியே கட்டைவிரல் நகம் அளவுக்குப் பள்ளம். நல்ல 1/4 அங்குல உளியால் இருபது நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலையைச் சரிக்கட்ட இரண்டு மாலைகள் ஆயின. அந்த ஒட்டு இன்றும் எனக்குத் தெரிகிறது.

அப்படியானால் மின்கருவியே கூடாதா?

தூண் துரப்பணம் நல்லது. லாக் மரையாணியின் துளையும் குழலைப் பிடிக்கும் ஊசிகளின் துளைகளும் கட்டைக்குச் செங்குத்தாகப் போக வேண்டும், மறுபக்கம் இடம் மாறி வந்தால் திருத்துவது கடினம். கையில் பிடிக்கும் ட்ரில்லை வைத்தும் செய்தவர்கள் உண்டு. இரு பக்கத்திலிருந்தும் பாதிப்பாதி துளைத்தால் பிழை குறையும். பட்டைத் தேய்ப்பான், சுழல் அரைப்பான், பெரிய மின் இழைப்பான் எதுவும் வேண்டாம். கிட்டில் எடுக்க வேண்டிய மரம் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்துக்கு அவ்வளவு வேகம் ஆபத்து.

வைஸ் எப்படி இருக்க வேண்டும்?

முழங்கை உயரத்தில். சாதாரண மேசை உயரத்தில் வைத்தால் மணிக்கணக்கில் குனிந்து முதுகு போய்விடும். வாய்களில் தடித்த தோலோ கார்க்கோ ஒட்டுங்கள்.

முன்கட்டையைக் குழல் இல்லாமல் ஒருபோதும் வைஸில் இறுக்காதீர்கள். 42 அங்குலக் குழலுக்கான, குழலின் நுனிவரை நீளும் முழுக்கட்டையில் அந்த மரச்சுவர்கள் சில மில்லிமீட்டர்தான். குழல் உள்ளே இருந்தால் அது முதுகெலும்பு. வெளியே எடுத்துவிட்டால் வெறும் ஓடு, ஒரு திருப்பில் நெடுக விரிந்துவிடும். கட்டையைத் தூக்கும்போதும் இதே எச்சரிக்கை.

உலோகத்துக்கு என்ன கருவிகள் எடுத்துவைக்க வேண்டும்?

10 அங்குலத் தட்டை அரம் ஒன்று, குழலின் எண்கோண முகங்களில் உள்ள இயந்திரத் தடங்களை நீளவாக்கில் இழுத்துப் போக்க. மையம் குத்த ஒரு புள்ளியுளி. மரை வெட்டும் டேப்புகள்: பெரும்பாலான அமெரிக்கக் கிட்டுகளில் 6-32, 8-32 அளவுகள் வரும். 8-32க்கு 29 எண் அலகும் 6-32க்கு 36 எண் அலகும் முன்துளைக்கு. திருப்புளியின் முனையை மரையாணியின் வெட்டுக்குச் சரியாக அராவிக்கொள்ளுங்கள். கடையிலிருந்து வந்தபடியே திருப்பினால் வழுக்கி ஆணித்தலையைக் கெடுக்கும்.

குழலின் அடியில் உள்ள காதுகளில் (குழலைப் பிடிக்கும் ஊசி நுழையும் சிறு தகடுகள்) ஊசித்துளையை ஒரு சிறு அரத்தால் நீளவாக்கில் கொஞ்சம் நீட்டிவிடுங்கள். ஈரப்பதம் மாறும்போது மரம் அசையும், இரும்பு அசையாது. இடம் விடாவிட்டால் அந்த இழுபறியை மெல்லிய முன்கட்டைதான் தாங்க வேண்டியிருக்கும். அதேபோல் குழலின் பின்முகம் மரத்தில் முழுமையாக முட்டியிருக்க வேண்டும். ஆனால் அதன் பின்னால் நீளும் வாலின் கடைசி நுனிக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு தாள் கனத்துக்கு இடைவெளி விடுங்கள். உதைப்பை நுனி வாங்கினால் கழுத்து பிளக்கும்.

மரத்துக்கு மரம் கருவி மாறுமா?

கொஞ்சம். வால்நட் உளிக்கு இணக்கமானது, புதியவருக்கு நல்ல நண்பன். செர்ரி இடைப்பட்டது, ஆனால் ஓரங்களில் சில்லுவிடும். மேப்பிள் கெட்டி. கூர்மையைக் கேட்கும், கூர்மை இருந்தால் எலும்பில் செதுக்கியதுபோல் விளிம்பு நிற்கும். எந்த மரமானாலும் கழுத்தில் நார் நேராக ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். நார் குறுக்கே வெளியேறும் கட்டையைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். அந்தக் குறைக்கு எந்தக் கருவியாலும் மருந்தில்லை.

எவ்வளவு மரத்தை எடுக்கலாம்? அதிகம் எடுத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

புதியவர்களின் பிழை எப்போதும் எதிர்ப்பக்கத்தில்தான் இருக்கிறது. மரத்தை விட்டுவிடுகிறார்கள். குழலின் இருபுறமும் தடித்த சுவர், லாக்கைச் சுற்றி வாய்க்கால் வரப்புபோல் மேடு, கைக்கு அடங்காத கழுத்து. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய, சுவிஸ் குடியேறிகள் பென்சில்வேனியாவுக்குக் கொண்டுவந்த குட்டையான, கனத்த வேட்டை ரைஃபிள், லான்காஸ்டர் பகுதிப் பட்டறைகளில் தலைமுறைக்குத் தலைமுறை நீண்டு மெலிந்தது. பிற்காலத் துப்பாக்கி ஒன்றின் முன்கட்டையைப் பார்த்தால் இவ்வளவு மெல்லிய மரம் எப்படித் தாங்கியது என்று தோன்றும். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் படைக்கலப் பிரிவிலும், பென்சில்வேனியாவின் லாண்டிஸ் வேலி அருங்காட்சியகத்திலும் அசல் துப்பாக்கிகள் இருக்கின்றன. வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க்கில் அக்காலக் கருவிகளோடே துப்பாக்கி செய்யும் பட்டறையைப் பார்க்கலாம். ஒரு நாள் போய் வாருங்கள். புகைப்படம் தடிமனைக் காட்டாது.

காலிப்பர் இதற்குத்தான். செய்ய விரும்பும் பாணியின் அளவுகளை மூன்று நான்கு இடங்களில் குறித்துக்கொண்டு, அட்டையில் வளைவு அச்சு வெட்டி, கட்டையின் மேல் வைத்துப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு கழுத்தைப் பற்றியும் பாருங்கள். மேடு எங்கே என்று கை சொல்லிவிடும். கழுத்தில் மட்டும் கடைசி மில்லிமீட்டரைப் பொறுத்து எடுங்கள். உடைந்தால் அங்கேதான் உடையும்.

தவறி வெட்டிவிட்டால்?

வெட்டிய சில்லு கிடைக்கிறதா என்று உடனே தரையில் தேடுங்கள். கிடைத்தால் அதே இடத்தில் ஒட்டுங்கள், யாருக்கும் தெரியாது. கிடைக்காவிட்டால் அதே கட்டையின் மிச்சத்திலிருந்து, அதே நார் ஓட்டத்தில், ஒரு கீற்றுச் சீவிப் பதியுங்கள். மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைப்பதை மட்டும் செய்யாதீர்கள். பசை சாயத்தை ஏற்காது, எண்ணெய் பூசிய அன்று அந்த இடம் அழுக்காகத் தெரியும்.

குழலையும் நானே சோதிக்க வேண்டுமா? சட்டம் என்ன சொல்கிறது?

குழலின் பின்பக்க அடைப்புத் திருகை நீங்கள் தொட வேண்டாம். பொருத்தியே வாங்குங்கள், முடித்ததும் அனுபவமுள்ள துப்பாக்கி வினைஞர் ஒருவரிடம் காட்டிய பிறகே சுடுங்கள். கெட்டிப்பது கருமருந்தும் அதற்கென்று அனுமதித்த மாற்றும் மட்டுமே. அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், தோட்டா ஏற்காத, கருமருந்தோ அதன் மாற்றோ மட்டுமே பயன்படுத்தும் இவ்வகைத் துப்பாக்கிகளைப் பழம்பொருள் வகையில் வைக்கிறது. மாநிலங்களும் நகரங்களும் தனி விதிகள் வைத்திருக்கின்றன, ஆர்டருக்கு முன் பாருங்கள். வேறு நாட்டில் இருப்பவர்கள் அந்த நாட்டு உரிமம் இல்லாமல் இதைத் தொடவே கூடாது.

சாயமும் எண்ணெயும் பூச என்ன வேண்டும்?

சுரண்டி முடித்த பிறகு ஈரத்துணியால் கட்டையைத் துடையுங்கள். நார்முனைகள் மீசைபோல் எழும்பும். காய்ந்ததும் நுண்தாளால் மழியுங்கள். இரண்டு முறை செய்தால் பிறகு எழும்பாது.

மேப்பிளுக்குப் பழைய முறை இரும்பு நைட்ரேட் கரைசல். நைட்ரிக் அமிலத்தில் இரும்பைக் கரைத்து வீட்டில் செய்ய முயலாதீர்கள், அந்தப் புகை நுரையீரலைத் தின்னும். தயாராகவே விற்கிறார்கள். கையுறையோடு தடவிக் காயவிட்டு, வெப்பக்காற்றுத் துப்பியால் சூடாக்கினால், சாம்பல்பச்சை நிறம் கண்முன்னே செம்பழுப்பாக மாறும். அலைநார் ஒவ்வொன்றும் எழுந்து நிற்கும். இந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்த பத்து நிமிடம் அதுதான். வால்நட்டுக்கு இது வேண்டாம், அதன் நிறமே போதும். பிறகு ஆளிவிதை எண்ணெய், மெல்லிய பூச்சுகளாக.

எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காற்றோடு சேர்ந்து உலரும்போது சூடு பிறக்கிறது. கசங்கிய துணிக்குள் அந்தச் சூட்டுக்குப் போக்கிடமில்லை, தானாகவே தீப்பற்றும். வெளியே விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய மூடியுள்ள இரும்பு டப்பாவில் போடுங்கள்.

பழைய கருவிகளை வாங்கலாமா?

தாராளமாக. எஃகு நல்லதாக இருந்து பிடி மட்டும் போன உளி, புது உளியைவிட மேல். பின்முகத்தில் முனைக்கருகே துருக்குழி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். குழி இருந்தால் முனை அங்கே எப்போதும் பல்விழுந்து நிற்கும். பழைய அரத்தை வாங்காதீர்கள். மழுங்கியதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, வீட்டிற்கு வந்த பிறகுதான் தெரியும். வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிகளுக்கான அமெரிக்க அமைப்பான தேசிய வாய்க்கெட்டி ரைஃபிள் சங்கம் 1933இல் தொடங்கியது. இண்டியானா மாநிலத்தின் ஃபிரெண்ட்ஷிப் ஊரில் அது நடத்தும் தேசியப் போட்டிகளின்போது கிட்டும் பாகங்களும் பழங்கருவிகளும் விற்பவர்கள் கூடுவார்கள். அங்கே ஒரு நகவுளியைக் கையில் எடுத்துப் பார்த்தால், கூச்சப்படாமல் விற்பவரிடமே எப்படித் தீட்டுவது என்று கேளுங்கள். பெரும்பாலும் கல்லை எடுத்துவைத்துச் செய்தே காட்டுவார்.